தொட்டியில் தண்ணீர் இருந்ததா?

எங்கள் கோயிலில் போன மாதம் ஆள் இறங்கி முழுகும் அளவுக்கு ஒரு தொட்டி கட்டித் திறந்தார்கள். நீல டைல்ஸ், பிடித்து இறங்க எஃகுக் கம்பி, பக்கத்திலேயே துணி மாற்ற ஓர் அறை. முழுக்கு ஞானஸ்நானம் என்று யாராவது பேச்செடுத்தாலே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போன அதே கமிட்டிதான் ரிப்பன் வெட்டியது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

எனக்குப் பிறகு கோயில்பிள்ளை வேலைக்கு வந்திருப்பவள் ராணி. நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தாய், வாயும் கையும் ஒரே வேகம். திறப்பு விழா முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்கண்ணா, இத்தாப்பெரிய தொட்டிக்கு என்ன முறைன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. சின்னத் தொட்டிக்கு நீங்க எப்படிப் பண்ணுவீங்க? எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நான் அதையே பெருசு பண்ணிக்கறேன்.”

முறையை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அதோடு நிற்கவில்லை.

குமாரபாளையத்தில் எங்கள் கோயிலைக் கல்லுக்கோயில் என்பார்கள். தறிப் பட்டறையில் பஞ்சு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுத்ததால், இருபத்து நாலு வயதில் நான் அங்கே கோயில்பிள்ளையாகச் சேர்ந்தேன். கோயில்பிள்ளை என்றால் மணி அடிக்கிறவன் என்றுதான் பாதிப் பேருக்குத் தெரியும். மணி அடிப்பது வேலையில் கால்வாசிகூட இல்லை. பெருக்க வேண்டும், வௌவால் எச்சத்தைச் சுரண்ட வேண்டும், பாட்டுப் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்களைக் கண்காணிக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். செத்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களுடைய மருமகள்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இதெல்லாம் ஆறு மாதத்தில் கைவந்துவிட்டது.

தண்ணீர் விஷயம் மட்டும் கைவர நாளானது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே கோயில் கிணற்றில் இறைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி, பித்தளைக் குடத்தில் ஊற்றி, ஆயர் அங்கி மாட்டும் அறையில் மூடி வைக்க வேண்டும். மறுநாள் ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்து மூன்றாம் மணி அடிப்பதற்குள் கல்தொட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, மூடியைப் போட வேண்டும். மார்கழி, தை என்றால் ஒரு சொம்பு வெந்நீர் கலந்து முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. கிழக்குச் சுவரோரம் நிற்கும் செவ்வரளிச் செடியின் வேரில் ஊற்ற வேண்டும். அந்தச் செடி எங்கள் சபையிலேயே அதிகம் ஞானஸ்நானம் வாங்கிய உறுப்பினர். காணிக்கை போடாததால் கமிட்டியில் இடம் கிடைக்கவில்லை.

இந்த முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்போதிருந்த பெரிய ஆயர். தெற்கத்திக்காரர், ஒல்லி. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் இறங்கும். அவரிடம் மூன்று ‘ம்’ உண்டு. முதல் ‘ம்’ என்றால் கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் இழுத்த இரண்டாவது ‘ம்’ என்றால் நீ சொல்வது பொய், இருந்தாலும் சொல். மூன்றாவது ‘ம்’ மூக்கு வழியாக வரும். அது வந்தால் பேச்சு முடிந்தது, எழுந்து போய்விட வேண்டும். ரிஜிஸ்டரை அவரே தொட்டெழுதும் பேனாவால் எழுதுவார். எழுதி முடித்து, எழுத்தை ஒருமுறை ஊதி, கண்ணாடியை அங்கியில் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுதியதை மறுபடி வாசிப்பார். ஒரு பெயருக்குப் பத்து நிமிஷம். பின்னால் நிற்கும் தகப்பனுக்குப் பிள்ளைக்கு அதற்குள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிடுமோ என்று தோன்றும்.

நான் சேர்ந்த எட்டாவது மாதம் அந்தக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அருள்தாஸ் எங்கள் சபைக்காரன், விசைத்தறி ஃபிட்டர். பெண் மரகதம், ராசிபுரம் பக்கம் நெசவுக் குடும்பம், எங்கள் மதம் இல்லை. இருபது வயது. அவளுக்கு மூன்று அண்ணன்மார், மூன்று பேரும் நல்ல தாட்டியம். விஷயம் தெரிந்து ஜீப் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று காலையில் ஓர் ஆள் வந்து சொன்னான். பெண் ஞானஸ்நானம் வாங்கினால்தான் எங்கள் கோயிலில் தாலி. தாலி ஏறிவிட்டால் அப்புறம் அண்ணன்மார் கத்துவதோடு சரி. அதனால் முதலில் ஞானஸ்நானம், மூச்சு விடாமல் அடுத்தது கல்யாணம் என்று ஆயர் முடிவு செய்தார். என்னை வாசல் கேட்டில் நிறுத்தி, ஜீப் வந்தால் மணி அடி என்றார்.

அரக்கப்பரக்க எல்லாம் நடந்தது. பூ அலங்காரக்காரன் வாடிய மாலைக்குத் தெளிக்கத் தண்ணீர் தேடியிருக்கிறான். அங்கி அறைக்குள் பித்தளைக் குடம் இருந்திருக்கிறது. நான் வடிகட்டி வைத்த அவ்வளவு தண்ணீரும் சம்பங்கிக்குப் போய்விட்டது. அதையாவது விடலாம். கிண்ணத்தில் ஊற்ற வேண்டியவன் நான். ஊற்றினோமா என்று நினைக்கவே இல்லை. என் கண் முழுக்க ஜீப்பில் இருந்தது.

உள்ளே ஜெபம் தொடங்கியது கேட்டதும் கேட்டை விட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தேன். மரகதம் முட்டி போட்டிருந்தாள். ஆயர் மூடியைத் திறந்தார். கிண்ணம் பளபளவென்று காய்ந்து கிடந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கிணறு கோயிலுக்குப் பின்னால். ஓடி, இறைத்து, வடிகட்டிக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மூக்கு வழியாக அந்த மூன்றாவது ‘ம்’ வந்தது. காய்ந்த கிண்ணத்துக்குள் கையை விட்டார். குழித்து எடுத்தார். பிதா பேரில் ஒருமுறை, குமாரன் பேரில் ஒருமுறை, பரிசுத்த ஆவி பேரில் ஒருமுறை, வெறுங்கையை அவள் நெற்றியில் வைத்தார். பின்னால் நின்ற எட்டுப் பேரும் ஆமென் சொன்னார்கள். மரகதம் ரூத்து ஆனாள். உடனே தாலி கட்டினார்கள்.

ஜீப் வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மூத்த அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். ஆயர் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டி, “மை இன்னும் காயலை தம்பி, கை வச்சிராதீய” என்றார். அன்றைக்கு அந்தக் கோயிலில் ஈரமாக இருந்தது அந்த மை ஒன்றுதான். அண்ணன்மார் அரைமணி நேரம் கத்தினார்கள், பிறகு சாப்பிட்டார்கள். நடு அண்ணன் இரண்டாம் முறை சாம்பார் கேட்டான்.

சாயங்காலம் ஆயர் காலில் போய் விழுந்தேன். “எந்திரிடே” என்றார். “இன்னொரு தடவை நல்லபடியாச் செஞ்சிரலாங்களா ஐயா” என்று கேட்டேன்.

“நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் திரும்பக் குடுத்தா, இன்னிக்குக் குடுத்தது செல்லாதுன்னு ஆகும். அப்புறம் கல்யாணமும் செல்லாதும்பான். அண்ணன்காரன் மறுபடி ஜீப்பை எடுப்பான். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மேல இருக்கிறவருக்குத் தெரியும். மூணு பேர் போதும்.”

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. சில வருஷத்தில் இறந்தும் போனார். மூன்று பேரில் ஒருவர் குறைந்தார். மேலே இருப்பவர் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆக, நான் ஒருத்தன்தான் மிச்சம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் எங்கள் ஊருக்கு உலகமுடிவு வந்தது. ஓடாமல் நின்றுபோன ஒரு தறி ஷெட்டை வாடகைக்குப் பிடித்து பாஸ்டர் சாமுவேல் சபை ஆரம்பித்தார். நல்ல மனுஷன்தான், குரல் மட்டும் தறிச் சத்தத்துக்குப் பழகிய குரல். இயேசுவின் இரண்டாம் வருகை சமீபம் என்றார். அடையாளங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் சோப்பு உறையில் கோடு கோடாக இருக்கும் பட்டையில், கடைசி நாளில் வரப்போகும் அந்திக்கிறிஸ்துவின் முத்திரை இருந்தது. பிறகு ஆதார் ரேகையில் இருந்தது. அப்புறம் கொரோனா ஊசிக்குள் போனது. கடைசியாக இளநீர்க்காரர் வண்டியில் ஒட்டியிருந்த பணம் அனுப்பும் க்யூஆர் கட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இளநீர்க்காரர் பாய். “ஏன் பாஸ்டரே, இத்தன கடையில ஒட்டியிருக்கு, உங்க சாத்தான் என்ற வண்டிய மட்டுந்தான் பாத்தானாக்கும்?” என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நாள் குறிப்பதும் மாற்றுவதுமாகப் போனது. நான் பாட்டுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

வருகை சமீபம் என்றால் அடுத்த கேள்வி, நீ தயாரா? தெளித்த தண்ணீரெல்லாம் கணக்கில் வராது, முழுகினால்தான் ஞானஸ்நானம் என்றார் பாஸ்டர். எங்கள் கமிட்டிச் செயலாளர் தேவராஜ் வாத்தியார் ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவர் விடுவாரா? இருவரும் தினமும் கோயிலுக்கு எதிர் பேக்கரியில் மோதுவார்கள்.

“தண்ணியோட அளவுல என்னங்க இருக்குது? மூணு சொட்டுப் போதும். விசுவாசந்தான் பெருசு” என்பார் வாத்தியார்.

“முங்காத ஞானஸ்நானம் மொகம் கழுவறதுங்க” என்பார் பாஸ்டர்.

“பாருங்க, பன்னையே முக்கித்தான் திங்கறாரு மனுஷன்” என்று வாத்தியார் கடைக்காரரிடம் சொல்வார்.

பேக்கரியில் சிரிப்பாக இருந்தது கமிட்டியில் தீர்மானமாக ஏறியது. எங்கள் சபையில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் வேறிடத்தில் போய் மறுபடி முழுகினால் பெயர் நீக்கப்படும். கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது. அப்படி ஒன்பது பெயரில் சிவப்புக் கோடு விழுந்தது. கோடு போடும் அடிக்கட்டையை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

நான் ஓய்வு பெற வேண்டிய வருஷம், ஒரு ஞாயிறு மத்தியானம், சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காவிரித் துறை. சாயப்பட்டறைத் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்குச் சற்று மேலே. கீழே என்றால் எந்தக் கலரில் எழுவோம் என்று சொல்ல முடியாது. இடுப்பளவுத் தண்ணீரில் வெள்ளைச் சேலையில் நின்றது ரூத்தம்மா, அருள்தாஸ் கட்டிய அதே மரகதம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், நல்ல இழுப்பு. பாஸ்டர் அந்தம்மாவைச் சாய்த்து முக்குகிற நேரம் அவருக்கே கால் வழுக்கியது. அந்தம்மா முழுகி எழுந்து, எழுந்த கையோடு அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது. யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் சந்தேகம். அந்தம்மா தலை துவட்டுவதற்குள் வாத்தியார் அவசரக் கூட்டம் அறிவித்துவிட்டார்.

அருள்தாஸ் இறந்து அப்போது இரண்டு வருஷம். அவன் கல்லறைக்கு இடப்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் கட்டினோம். அளந்து கயிறு பிடித்தவன் நான். மகன் ஜான்சன் போர்வெல் ரிக் வைத்திருப்பவன், பாஸ்டர் சபைக்காரன். அவன்தான் அம்மாவை ஆற்றுக்கு அழைத்துப்போனான் என்று எல்லோரும் பேசினார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. இப்போதைய ஆயர் சின்ன வயசுக்காரர், சண்டை பிடிக்காதவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் டீ ஃபிளாஸ்க்கோடு கதவோரம் நின்றேன். ரூத்தம்மா தனியாக வந்தது. மகனைக்கூடக் கூட்டிவரவில்லை.

“தப்புன்னு ஒத்துக்கறீங்களாம்மா?” என்று வாத்தியார் கேட்டார்.

“தப்புன்னு நான் சொல்ல மாட்டனுங்க. எனக்கு அது பண்ணாம முடியலீங்க. பேர வேணுமின்னா எடுத்துக்குங்க.” அது முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. “அந்தக் குழிய மட்டும் உட்டுருங்க சாமி. அவரு பக்கத்துல கெடந்துக்கறேன். அவருக்காக என்ற அண்ணமாருகளையே உட்டுட்டு வந்தவளுங்க.”

வாத்தியார் கெட்டவர் இல்லை. எழுந்து அந்தம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனாலும், “ஒன்பது பேருக்குப் பண்ணுனதத்தாம்மா உங்களுக்கும் பண்ணோணும்” என்றார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். ரிஜிஸ்டரை எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

நான் எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். பெரிய ஆயரின் கையெழுத்து. ஊதிக் காயவைத்த எழுத்து. எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்தக் கோடு போட முடியாதுங்க” என்றேன்.

“ஏன்?”

“இது மறு ஞானஸ்நானம் இல்லீங்க. அன்னிக்குக் கிண்ணத்துல தண்ணியே இல்ல. நான் ஊத்த மறந்துட்டன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், சம்பங்கி, தூண், மூன்றாவது ‘ம்’ உட்பட. செத்துப்போன மனிதரைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று தோன்றியது. நடுவில் நிறுத்தவில்லை.

சொல்லி முடித்தேன். பிறகு வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்ற பெரிய பொண்ணுக்கு அந்த ஆயர்தான் குடுத்தாரு. அதுல… தண்ணி இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“நல்லாத் தெரியுமா?”

“மார்கழி மாசங்க. வெந்நி கலந்து முழங்கை உட்டுப் பாத்தனுங்க.”

அதோடு விடவில்லை. பொருளாளர் தன் மகனுக்குக் கேட்டார். இன்னொருவர் தனக்கே கேட்டார். மூன்று சொட்டுப் போதும், அளவு முக்கியமில்லை என்று இருபது வருஷம் பேக்கரியில் வாதாடிய கமிட்டி, அந்த மூன்று சொட்டுக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே தகவல் பரவியபின் பாஸ்டர் சபையில் இரண்டு வாரத்துக்குக் கூட்டம் நெரிந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் கமிட்டிக்கு முழுக்குத் தொட்டி ஆசை வந்தது. என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, “தொட்டியில தண்ணி இருந்துச்சுங்களா?” என்றுதான் கேட்டார்கள்.

சின்ன ஆயர் அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அன்னிக்குக் குடுத்தது செல்லும்னா, தண்ணியே வேண்டியதில்லைன்னு ஆகுது. செல்லாதுன்னா, ஆத்துல எடுத்ததுதான் முதல் ஞானஸ்நானம். எதுன்னு கமிட்டி சொல்லுங்க.” வாத்தியார் ரொம்ப நேரம் சீலிங்கைப் பார்த்தார். எப்படிப் போனாலும் இடிக்கிறது. கடைசியில் ரிஜிஸ்டர் ஓரத்தில் சிவப்புக்குப் பதில் நீல மையில் ஒரு வரி எழுதினார்: முதல் முறை நிறைவேறவில்லை, உறுப்பினர் தொடர்கிறார். கல்லறை இடம் அப்படியே இருக்கும் என்றார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஓய்வு பெறும் நாளில் சால்வை கிடையாது என்று தீர்மானமாயிற்று. எங்கள் ஊர் வெயிலுக்குச் சால்வை எதற்கு?

கூட்டம் முடிந்து கேட்டைப் பூட்டப் போனேன். ரூத்தம்மா அரளிச் செடியோரம் நின்றிருந்தது.

“மன்னிச்சுக்கோணுமுங்கம்மா. முப்பத்தேழு வருஷம் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டன்” என்றேன்.

“எனக்குத் தெரியுமுங்களே” என்றது.

“என்ன தெரியும்?”

“நெத்தி நனஞ்சுச்சா நனையலையான்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆயர் கை சொரசொரன்னு காஞ்சு இருந்துச்சு. நிமுந்து பாத்தனுங்க. நீங்க தூணுக்கு அக்கட்ட நின்னு நடுங்கிட்டு இருந்தீங்க.”

“அப்பறம் ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா உங்க வேலை போயிருமுங்க. நோஞ்சானாட்ட இருந்தீங்க, மூச்சு வேற இழுக்கும். தறிக்குத் திரும்பிப் போனா செத்துப்போவீங்கன்னு என்ற ஊட்டுக்காரரு சொல்லியிருந்தாரு. சரி, கெடக்குதுன்னு உட்டுட்டேன்.” கொஞ்சம் சிரித்தது. “ஆனா வருகை வருகைன்னு அந்தப் பாஸ்டர் கத்தறப்பெல்லாம் எனக்கு ராத்திரி தூக்கம் போயிருமுங்க. எல்லாரும் மேல போவாங்க, நான் மட்டும் காஞ்ச நெத்தியோட நிப்பனோன்னு. ஊட்டுக்காரரு இருக்கறவரைக்கும் எப்படியோ தாங்கிக்கிட்டனுங்க. போனதுக்கப்பறந்தான் நெம்பப் பயமாப் போச்சு. மவன் ஒண்ணும் கூட்டிட்டுப் போவலீங்க, நாந்தான் அவனக் கூட்டிட்டுப் போனேன்.”

வாரேனுங்க என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உலகமுடிவு என்று யார் பேசினாலும் சிரித்தவன் நான். அத்தனை வருஷமும் அந்தப் பயத்தை ஒரு பொம்பளை எனக்காகச் சுமந்திருக்கிறது. அது சுமந்ததால்தான் நான் சிரிக்க முடிந்திருக்கிறது.

ராணி, நீ கேட்ட முறை இவ்வளவுதான். பெரிய தொட்டிக்கும் முழங்கைதான். சின்னத் தொட்டியில் ஊற்றியபின் மூடியைத் திறந்து ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்.

கமிட்டி கூடிய அன்றைக்கு நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றில் இறைத்தேன். துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அரளியின் வேரில் ஊற்றினேன். ரூத்தம்மாவின் கல்யாண நாளில் அந்தச் செடிக்கு நான் ஊற்றாமல் விட்ட தண்ணீர் அது.